பிராகில் ஒரு சனி, ஞாயிறு: திட்டத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வைப்பாற்றுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில், டிரெஸ்டனில் நீரியல் முதுகலை படிக்கிறேன், இது முதல் பருவம். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். வரும் நவம்பர் 15, 16 இரண்டு நாளும் வகுப்புத் தோழர்கள் இருவரோடு செக் தலைநகர் பிராக் போவதாக இருக்கிறேன். ரயில், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 120 யூரோவைத் தாண்டக்கூடாது என்பது கட்டுப்பாடு.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குள் அங்கே இறங்கிவிடுவோம். பழைய நகரச் சதுக்கம், வானியல் கடிகாரம், பிறகு யூதர் பகுதியான யோசெஃபோவ். மாலையில் ஆற்றில் படகுச் சவாரி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே கோட்டைக்கு ஏறி, புனித விட்டஸ் பேராலயத்தையும் பழைய அரண்மனையையும் முடித்துவிட்டு, மதியம் கிளம்பி, வரும் வழியில் டெரேசினில் இறங்கி நாஜிகள் நடத்திய முகாமைப் பார்த்துவிட்டு இரவு டிரெஸ்டன் திரும்ப வேண்டும்.

இது நடக்கிற காரியமா? மூவரில் ஒருவன் முட்டைகூடத் தொடமாட்டான், அவனுக்கு அங்கே என்ன கிடைக்கும்? இன்னொருவனுக்குக் குடியிருப்பு அட்டை இன்னும் வரவில்லை, அவன் எல்லை தாண்டலாமா? செக் பணத்தை எங்கே மாற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

லைப்சிக்வாசி:

காகித விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

அட்டை வராத நண்பர் இந்தியாவில் வாங்கிவந்த தேசிய விசா (டி வகை) இன்னும் முடியவில்லை என்றால் கவலையே இல்லை. ஷெங்கன் நாடுகளுக்குள் 180 நாளில் 90 நாள் வரை போய்வர அது போதும். விசா முடிந்து, அலுவலகம் கொடுத்த இடைக்காலச் சான்று மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதில் எந்தக் கட்டத்தில் குறி இட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனியை விட்டு வெளியே காலே வைக்கவேண்டாம், திரும்பி நுழைவது சிக்கலாகிவிடும்.

மூவருமே பாஸ்போர்ட்டின் அசலை எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் உள்ள படத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து செக் எல்லையில் ஜெர்மனி சோதனை நடத்துகிறது. போகும்போது பெரும்பாலும் எதுவும் இருக்காது. திரும்பும்போதுதான் பாட் ஷாண்டாவை ஒட்டி ரயிலுக்குள் காவலர்கள் ஏறுவார்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

பணம் மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. உங்கள் மாணவர் பயணச்சீட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் ஷோனா வரை உள்ளூர் ரயிலில் செல்லும். அதற்கு அப்பால் மட்டும் செக் டிக்கெட் எடுத்து, டெச்சினில் வண்டி மாறிப் போகலாம். ஆனால் நவம்பர் பகல் மிகக் குட்டை. சில யூரோவுக்காக அதில் ஒரு துண்டை ரயில் மேடையில் நின்று கழிப்பதா என்று யோசியுங்கள். நேர் ரயிலுக்கு முன்கூட்டியே எடுத்தால் கட்டணம் நன்றாகக் குறையும். செக் ரயில்வேயின் தளத்திலும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

—

மணிமுத்தாறு:

தம்பி, திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, நாள்தான் தலைகீழ்.

யோசெஃபோவில் உள்ள பெரும்பாலான தொழுகைக்கூடங்களும் பழைய கல்லறையும் யூத அருங்காட்சியகத்தின் கீழ் வருகின்றன. சனிக்கிழமை அவர்களின் ஓய்வுநாள், எதுவும் திறக்காது. பேராலயமோ ஞாயிறு காலையில் வழிபாட்டுக்கு மட்டும். சுற்றிப்பார்க்க வருகிறவர்களைப் பகல் 12 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். நீங்கள் எழுதியபடி போனால் முதல் நாள் ஒரு மூடிய கதவு, மறுநாள் இன்னொன்று. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

சனிக்கிழமை வந்து இறங்கியதும் பையை விடுதியில் போட்டுவிட்டு 22-ஆம் எண் டிராமில் நேராகக் கோட்டைக்குப் போய்விடுங்கள். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் கட்டடங்கள் மாலை 4 மணிக்கு மூடப்படும், சூரியனும் ஏறக்குறைய அப்போதே கடையைக் கட்டிவிடும். பாதுகாப்புச் சோதனை வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். மாணவர் அட்டை இருந்தால் 26 வயது வரை சலுகைக் கட்டணம். பேராலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். உள்ளே இடப்பக்கம் ஓவியர் முகா வரைந்த வண்ணச் சன்னல் இருக்கிறது, அதன் கீழே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பழைய அரண்மனையில் 1618-இல் அரச அதிகாரிகளைச் சன்னல் வழியே வெளியே எறிந்த அறை உண்டு. முப்பதாண்டுப் போருக்குத் தொடக்கம் அந்தச் சன்னல்தான். கோட்டைக்குள் இருக்கும் பொற்சந்தில் கூட்டம் நெரிந்தால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை.

இனி என் பங்கு. நீரியல் படிக்கிறேன் என்று எழுதிவிட்டு, ஆற்றுக்கு ஒரு படகுச் சவாரியை மட்டும் ஒதுக்கியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான் இங்கே வடிகால் வடிவமைப்பு வேலையில் இருக்கிறவன், ஆகவே பேச்சு ஒரு பக்கமாகச் சாயும். தெரிந்துகொண்டு படியுங்கள்.

2002 ஆகஸ்ட் 14 அன்று பிராகில் ஓடும் வல்டாவா ஆற்றின் வெள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 5,160 கனமீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டது. நம் ஊர்க் கணக்கில் 1,82,000 கன அடி. அந்த நீர் மெல்னிக் என்ற ஊரில் எல்பே ஆற்றோடு கலந்து கீழே இறங்கி, 17-ஆம் தேதி டிரெஸ்டனில் 9.40 மீட்டர் மட்டத்தைக் காட்டியது. நீங்கள் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் கடக்கும் தூரத்தை வெள்ளத்தின் உச்சம் மூன்று நாளில் கடந்திருக்கிறது. உங்கள் டிரெஸ்டன் மையநிலையம் மூழ்கியது இதற்குச் சில நாள் முன்பே. அது வைசெரிட்ஸ் என்ற சின்ன ஆறு செய்த வேலை, எல்பேயின் கணக்கில் எழுதக்கூடாது. மெல்னிக்கில் சேருமிடத்தில் வல்டாவாதான் நீளமான ஆறு, நீரும் அதில்தான் அதிகம். ஆனாலும் அதற்குக் கீழே ஓடுவது எல்பே என்றாகிவிட்டது!

ஆகவே கோட்டையிலிருந்து இறங்கியதும், வெளிச்சம் மிச்சமிருந்தால், கோட்டைக்குக் கீழுள்ள மாலா ஸ்ட்ரானா பகுதி வழியாகக் கம்பா தீவுக்குப் போங்கள். செர்டோவ்கா என்னும் பழைய ஆலைக்கால்வாய் அங்கே ஓடுகிறது, ஒரு பெரிய மரச் சக்கரமும் உண்டு. அந்தப் பக்கத்துச் சுவர்களில் 1890, 2002 வெள்ளங்களின் குறிகளைத் தேடிப் பாருங்கள். 2002-இன் கோடு 1890-க்கு மேலே இருக்கும். எதிர்க்கரையில் பழைய நகரத்துக்கு மட்டும் தற்காலிகத் தடுப்புச்சுவர் ஏற்பாடு அப்போதே முடிந்திருந்தது, அது தப்பித்தது. கம்பாவும் கார்லீன் பகுதியும் மூழ்கின. மெட்ரோ சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, சில நிலையங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தடுப்பை மற்ற பகுதிகளுக்கு நீட்டியது அதற்குப் பிறகுதான். 2013-இல் மறுபடி வெள்ளம் வந்தபோது அது கைகொடுத்தது.

சார்லஸ் பாலத்தை ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பாருங்கள். அப்போதுதான் விடியும். கூட்டத்துக்கு இடையே அதைப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றுதான். அங்கே முன்பு இருந்த யூடித் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துப்போனது. நான்காம் சார்லஸ் 1357-இல் இதற்கு அடிக்கல் போட்டான். 1890 செப்டம்பரில் மேலிருந்து மிதந்துவந்த மரங்கள் அடைத்துக்கொள்ள, இதிலும் மூன்று வளைவுகள் விழுந்தன. சிலைகள் முப்பது, பல நகல்கள், அசல்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். வழிகாட்டிகள் சிலைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் பழைய நகரக் கரையில் பாலம் முடியும் இடத்துக்குப் போய், சார்லஸ் மன்னன் சிலைக்கு அருகில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே குனிந்து பாருங்கள். கரைச்சுவரில் தாடிவைத்த ஒரு கல் முகம் தெரியும். ஊரின் பழைய வெள்ள அளவுகோல் அதுதான். தாடி நனைந்தால் ஆற்றோர மக்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். அளவி, மானி எதுவும் இல்லாத காலத்து ஏற்பாடு, ஆனால் எச்சரிக்கை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண்ணால் தெரிந்துவிடும்.

அங்கிருந்து இரண்டடி எடுத்துவைத்தால் கிளெமென்டினம். 1775 முதல் நாள் தவறாமல் வெப்பநிலை பதிவாகும் இடம். கோபுரத்துக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

பிறகு யோசெஃபோவ். ஒன்பது மணிக்குத் திறக்கும், முதல் ஆளாகப் போங்கள். பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. 1950-களில் எழுதினார்கள். 1968-க்குப் பிறகு கூடம் மூடிக்கிடந்து எழுத்துகள் அழிந்தன. 1990-களில் ஒவ்வொரு பெயரையும் மறுபடி எழுதினார்கள். மாடியில் டெரேசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, அன்றைக்கே டெரேசினில் இறங்கவேண்டும் என்று உங்களுக்கே தோன்றாது. அந்த ஊருக்கு அரை நாளாவது வெளிச்சத்தோடு வேண்டும். இருட்டிய பிறகு போய் மூடிய வாயிலில் படம் எடுத்துத் திரும்புவது அந்த இடத்துக்கு மரியாதையும் ஆகாது. டிரெஸ்டனிலிருந்து இன்னொரு சனிக்கிழமை காலையில் தனியாகப் போய்வாருங்கள்.

படகுச் சவாரிக்குப் பதில் ஒன்று சொல்கிறேன். புபெனெச் பகுதியில் 1906-இல் ஓடத் தொடங்கிய பழைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது, 1967 வரை வேலை செய்தது. செங்கல் வளைவுகள், நிலத்தடித் தொட்டிகள், இன்றும் ஓட்டிக் காட்டக்கூடிய நீராவி எந்திரங்கள். வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள், நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்துவிட்டுப் பக்கத்தில் பொட்பாபாவுக்கு நடந்தால் ஆற்றைக் கடக்கும் சிறு படகு. நகரப் போக்குவரத்தின் ஒரு பகுதி அது, குளிர்காலத்திலும் ஓடும், டிராம் டிக்கெட்டே அதற்கும் செல்லும். சில நிமிடப் பயணம்தான். மேசை, விளக்கு, பாட்டு ஒன்றும் இருக்காது. ஆறு இருக்கும்.

பணம்: எல்லா இடத்திலும் அட்டை எடுக்கிறார்கள். கழிப்பறைக்கும் சில்லறைச் செலவுக்கும் கொஞ்சம் கொருனா போதும், வங்கியின் சொந்த ஏடிஎம்மில் எடுங்கள். திரையில் யூரோவில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா என்று கேட்டால் கொருனா. யூரோவை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைதான். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 24, 25 கொருனா என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுக்கடையில் ஏமாந்ததாகத் தெரிந்தால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் போய்ப் பரிவர்த்தனையை ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. தெருவில் நின்று பணம் மாற்றித் தருவதாக அழைப்பவரிடம் பேச்சே வேண்டாம்.

டிராமில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் டிக்கெட்டைக் குத்த மறக்காதீர்கள். 24 மணி நேரச் சீட்டு குத்திய நேரத்திலிருந்து ஓடும், ஞாயிறு பிற்பகலுக்கு வேறு எடுக்க வேண்டியிருக்கும்.

—

கீரைக்கட்டு:

முதல் முறை பிராக் போகிற பிள்ளைகளைச் சாக்கடை நிலையத்துக்கு அனுப்ப மணிமுத்தாறு அண்ணனால்தான் முடியும். தம்பி, அவர் சொன்ன நாள் மாற்றம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் உன்னோடு வரும் இருவரும் நீரியல் பிரியர்களா என்று கேட்டுக்கொண்டு முடிவு செய். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் விஷெஹ்ராட் போங்கள். மெட்ரோவில் போய் இறங்கி நடந்தால் மேட்டின்மேல் பழைய கோட்டை மதில், அங்கிருந்து ஆறு முழுதும் தெரியும், நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் துவோர்ஷாக்கும் ஸ்மெட்டனாவும் அடக்கமாகி இருக்கிறார்கள்.

கடிகாரத்தை அண்ணன் பேச்சிலேயே சேர்க்கவில்லை. 1410-ஆம் ஆண்டுப் பொறி ஐயா அது! மணியடிக்கும்போது சன்னலில் பொம்மைகள் நகர்வதைப் பார்க்கத்தான் எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி நிற்பார்கள், அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு முகப்பை நிதானமாகப் பார், சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் இருக்கின்றன என்று காட்டும். ராசிக்கட்டம் பார்த்து வளர்ந்த நமக்குச் சுற்றியிருக்கும் பலரைவிட அது சீக்கிரம் பிடிபடும். அதே கட்டடத்தை ஒட்டித் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட கிளர்ச்சித் தலைவர்களுக்கானவை. சன்னல் வழியே எறிந்த கதைக்கு முடிவு அதுதான். பலர் அதன் மேலேயே நின்று பொம்மையைப் படம் எடுப்பார்கள்.

இனிச் சாப்பாடு. செக் உணவகத்தில் சைவம் என்று கேட்டால் முதலில் நீட்டுவது பொரித்த பாலாடைக்கட்டி. அதன் மேல்மாவில் முட்டை இருக்கும். உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை. பருப்பு கேட்டால் மேலே அவித்த முட்டையை வைத்துத் தருவார்கள். ஆக அந்த நண்பருக்கு எடைபோட்டு விற்கும் சைவ உணவகங்கள்தான் வழி. பழைய நகரத்திலேயே இருக்கின்றன, தட்டில் போட்டு நிறுத்துப் பணம் கொடுக்கலாம். இந்திய உணவகங்களும் நிறைய. தெருக்கடையில் லாங்கோஷ் என்னும் பொரித்த ரொட்டி கிடைக்கும், பூண்டும் பாலாடைக்கட்டியும் போட்டு. பெரும்பாலும் முட்டை இருக்காது, என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது. “பெஸ் மசா, பெஸ் வயெட்ஸ்” என்று சொன்னால் இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். மலிவான மதியச் சாப்பாட்டைப் பற்றி இணையத்தில் படித்திருப்பாய், அது பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான், சனி ஞாயிறில் அதை நம்பிப் போகாதே. சமையலறை உள்ள விடுதியாகப் பதிவு செய்துவிட்டு, கையில் ரவையும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போனால் 120 யூரோவில் மிச்சமும் பிடிக்கலாம்.

சதுக்கத்தில் உருளையில் சுற்றிச் சுடும் இனிப்பு ரொட்டியைப் பிராகின் பாரம்பரியம் என்பார்கள். சுற்றுலாவோடு வந்த பாரம்பரியம் அது. வாசனைக்கு மயங்கி ஒன்று வாங்கி மூவரும் பிய்த்துக்கொள்ளுங்கள், போதும்.

—

நூலகப்புழு:

ஒரு சேர்க்கை. யோசெஃபோவுக்குப் போகும் வழியிலேயே, ஆற்றோரம், யான் பலாக் சதுக்கம் இருக்கிறது. சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் அங்கேதான். பலாக் அந்தப் புலத்தின் மாணவர். 1968-இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு மக்கள் சோர்ந்து அடங்கிப்போவதை எதிர்த்து, 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். வயது இருபது. மூன்றாம் நாள் இறந்தார். அவர் முகத்தின் அச்சு அந்தக் கட்டடத்தின் சுவரில் பதித்திருக்கிறது.

நம் கமில் சுவெலபில் அந்தப் பல்கலைக்கழகத்து மனிதர்தான். பிராகில் பிறந்து, அங்கேயே தமிழ் படித்து, தமிழ் கற்பித்தவர். அதே 1968 படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பணிபுரிந்து, 2009-இல் பிரான்சில் மறைந்தார். தமிழ் யாப்பையும் சித்தர் பாடல்களையும் ஐரோப்பியருக்கு எடுத்துச்சொன்னவர் இந்தத் தெருக்களில் நடந்தவர் என்று தெரிந்து நடப்பது வேறு மாதிரி இருக்கும்.

அவர் பிறந்த நாள் 1927 நவம்பர் 17. அதே தேதியில்தான் 1939-இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி, மாணவர் தலைவர்கள் ஒன்பது பேரைக் கொன்றார்கள். அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1989-இல் மாணவர்கள் ஊர்வலம் போனபோது நரோட்னி தெருவில் போலீஸ் அடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சியே மாறிவிட்டது. அடி விழுந்த இடத்தில், ஒரு வளைவுக்கு உள்ளே, சுவரில் வெண்கலக் கைகள் பதித்த சிறு நினைவுச்சின்னம் உண்டு. உங்கள் பயணத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, 17. அன்று அந்தத் தெருவில் மெழுகுவத்தியும் மக்களும்தான். ஒரு இரவு கூடத் தங்க முடியுமா என்று பாருங்களேன்.

—

வைப்பாற்றுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை விரிவாக எதிர்பார்க்கவில்லை. நண்பனின் விசா ஜனவரி வரை செல்லும் என்று பார்த்துவிட்டோம். சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு பாலமும் யோசெஃபோவும் என்று மாற்றியாகிவிட்டது. டெரேசின் பிறகு. திங்கள் எங்களுக்கு வகுப்பு மாலையில்தான், ஆனால் இன்னொரு இரவுக்குப் பணம் இடிக்கும். படகுச் சவாரிக்கு எடுத்துவைத்த தொகையை விடுதிக்குப் போடலாமா என்று மூவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கீரைக்கட்டு அக்கா, இருவரில் ஒருவன் நீரியல் பிரியன்தான். மற்றவன் விஷெஹ்ராட் என்கிறான். ஞாயிறு பிற்பகல் பிரிந்துபோய் இரவு சேர்ந்துகொள்வோம்.

மணிமுத்தாறு அண்ணா, டெச்சினில் ஆற்றுக்குள் ஒரு பஞ்சக்கல் இருக்கிறது, “என்னைக் கண்டால் அழு” என்று பொறித்திருக்கும் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். ரயிலிலிருந்து தெரியுமா?

—

மணிமுத்தாறு:

தெரியாது. அதற்கு டெச்சினில் இறங்கிப் பாலத்தடிக்கு நடக்கவேண்டும். ஆறு நன்றாக வற்றினால்தான் கல்லே வெளியே வரும். 1616 என்று ஆண்டு பொறித்திருக்கும். இறங்குவதற்கு முன் டெச்சின் அளவியின் நீர்மட்டத்தைச் செக் வானிலை, நீரியல் நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் துறைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பயணத்தில் வேண்டாம், டெரேசினுக்குப் போகும் அன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அதே தடம்தான்.

இருக்கை பதிவு செய்யும்போது பிராக் போகும் ரயிலில் இடப்பக்கச் சன்னலைக் கேளுங்கள். டிரெஸ்டனை விட்டதும் தொடங்கி எல்லை தாண்டியும் ஆறு அந்தப் பக்கமே வரும், எதிர்க்கரையில் மணற்பாறைகள். திரும்பும்போது வலப்பக்கம். திங்கள் காலை கிளம்பினால் அதுவும் பயன்படும். ஞாயிறு இரவு என்றால் எந்தப் பக்கமானாலும் இருட்டுதான்.